மூன்று முழ ஓடுபாதை

“எங்க புள்ள தாட்டிரிக்காய்? உள்ளதச் சொல்லிரு” என்று அந்த மாமி என்னைக் கேட்டபோது, என் ஒரு காலில் சப்பாத்து இருந்தது. மற்றது கையில் இருந்தது. பிய்ந்துபோன அதன் ஓரத்தை ஊசிநூலால் தைத்து முடித்து, மாட்டிப் பார்க்கப் போன நேரம் அது.

மாமி என்றால் என் புருஷன், இவருடைய உம்மா அல்ல. என் தங்கை நஸீமாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா. சாய்ந்தமருதிலிருந்து துணைக்கு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். வந்தவர் வீட்டுக்குள் ஏறவில்லை. என் உம்மா ஓடிப்போய் விரித்த பாயில் இருக்கவும் இல்லை. வளவின் நாலு மூலையையும் பார்த்தார். வேலியோரத்து மணலைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

மண்ணுக்குள் எதைத் தாட்டுவது? தகட்டையா, முட்டையையா, எலும்பையா? நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அப்படிப்பட்ட நான் என் கூடப்பிறந்தவளின் கலியாணத்தைக் குழப்புவதற்காக வீட்டைச் சுற்றிச் சூனியம் ஓதிக் கட்டி, எதையோ புதைத்தும் வைத்திருக்கிறேன் என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஆனால் மாமியை அப்படியே முற்றத்தில் நிற்க விட்டுவிட்டு, நான் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதிய சூறாவளியிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும்.

நடக்கச் சொன்ன டொக்டர்

கல்முனைக்குடியில், கடலுக்குக் கிட்டவாக, எங்கள் வளவு. சூறாவளி அதில் நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றிய பிறகு, வீட்டுக்கும் வேலிக்கும் இடையில் நாலு பக்கமும் வெறும் மணல் வெளி கிடந்தது. உம்மா அதைப் பார்த்துப் பார்த்து அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் இருக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் எனக்குத் தலையிடியும் மயக்கமுமாக இருந்தது. ஆசுபத்திரியில் ஒரு லேடி டொக்டர் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறஷர். உடம்பைக் குறைக்க வேண்டும், தினமும் மூன்று மைல் நடக்க வேண்டும் என்றார். வாப்பா பிறஷரில்தான் மௌத்தானார் என்று நான் சொன்னதும், அப்படியென்றால் நாளைக்கே தொடங்குங்கள் என்றார்.

எங்கே நடப்பது என்று கேட்டேன். ரோட்டில் என்றார். பாவம், அவர் வெளியூர்.

ஒருநாள் அதையும் செய்து பார்த்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டு வாசல் கடப்படியில் ஒருத்தி, எங்க போறாய் என்றாள். சும்மா நடக்கிறேன் என்றேன். அடுத்த கடப்படியிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டில் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தேத்தண்ணியும் தொதலும் தந்தார்கள். டொக்டர் குறைக்கச் சொன்னதை அந்த ஒரு நடையில் கூட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

நான் வருவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்து உம்மாவிடம் உட்கார்ந்திருந்தது. நான் புருஷனோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறேனாம். யாருடைய வீட்டை? எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். சண்டை வந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவர் இவர். கதை கட்டுகிறவர்களுக்கு அந்த யோசனைகூட வரவில்லையே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அதோடு தெருவை விட்டேன். சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வருமுன், வளவுக்குள்ளேயே வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். சுற்றிவர உயரமான கிடுகு வேலி. வாப்பா போனபிறகு வளவுக்குள் ஆண் என்று இருந்தவர் இவர் ஒருவர்தான். அவரும் பாதி நாள் வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயலில், வாடிக் குடிசையில் கிடப்பார். ஆகையால் இவருடைய பழைய முழுக்கைச் சட்டையை உள்பாவாடைக்கு மேலே மாட்டி, தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

ஒரு விடியலில் திடீரென்று மழை விழுந்தது. கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடினேன். உடுப்பை எடுத்து உள்ளே எறிந்துவிட்டேன், கால் நிற்கவில்லை. அந்த மழையில் வீட்டை ஒரு முழுச்சுற்று ஓடிவிட்டு, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இளைத்தேன். பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் நான் ஓடியவள். பெரியபிள்ளையானதும் அதை நிற்பாட்டினார்கள். அந்த ஓட்டம் உடம்புக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. மருந்தாகத் தொடங்கியது அன்றோடு ஆசையாகிவிட்டது.

தூரம் கூட்டிய விதம்

ஒரு சுற்று, பிறகு இரண்டு என்று கூட்டினேன். கூட்டுவது என்று எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நடுவில் கொடிக்கயிறு கழுத்தைப் பிடித்தது. உம்மாவின் கோழிகள் நான் வரும்போதுதான் குறுக்கே போக வேண்டும் என்று காத்திருந்தன. நோன்பு மாதத்தில் நிற்பாட்டினேன். பெருநாள் முடிந்து தொடங்கினால் பழையபடி முதல் சுற்றிலேயே இளைத்தது. கஷ்டப்பட்டுக் கூட்டியதை மாரி வந்து அழித்தது. வளவு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது எங்கே ஓடுவது?

ஒரே வீட்டைச் சுற்றுவது அலுத்துப்போகாமல் இருக்க மனதுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்றன்று ஓடிய சுற்றுகளை எல்லாம் சேர்த்து நீட்டி, இன்றைக்கு எந்த ஊருக்குப் போயிருப்பேன் என்று கணக்குப் பார்ப்பேன். முதலில் கல்முனை பஸ் ஸ்டாண்ட். பிறகு காரைதீவு. இடையில் மாரி வந்து காரைதீவிலேயே என்னை நாட்கணக்கில் நிற்பாட்டி வைத்தது. பிறகு சம்மாந்துறையைத் தாண்டி, வீரமுனைக் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு நோபல் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. யாரிடம் சொல்ல? இவரிடம் சொன்னேன். வீரமுனைக்கு ஏன் போனாய், வயலுக்கு வந்திருந்தால் வரம்பில் ஓடியிருக்கலாமே என்றார்.

சுற்றுகளின் எண்ணிக்கை பாதியில் மறந்துபோகும். கணக்கு ரீச்சருக்கு இது வெட்கம்தான். ஆகவே கையில் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு மணி தள்ளுவது. வாயும் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருக்கும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஈர்க்கும் நூலும்

எங்கள் மணல் பார்க்கத்தான் பஞ்சு. உள்ளே நெருஞ்சி, சிப்பி ஓடு, மட்டைச் சிராய், வேலி கட்டிய கம்பித் துண்டு எல்லாம் இருக்கும். வெறுங்காலோடு ஓடி உள்ளங்கால் இரண்டு தரம் கிழிந்தது. ரப்பர் செருப்போடு ஓடினால் அது எனக்கு முன்னால் போய் விழுந்தது. சப்பாத்து வேண்டும்.

பெண்கள் கடைக்குப் போய்ச் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வழக்கம் அன்று இல்லை. கால் வீட்டில் இருக்கும், அளவுதான் கடைக்குப் போகும். தென்னோலை ஈர்க்கை உள்ளங்காலோடு வைத்து முறித்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இவர் பஸாருக்குப் போனார். கன்வஸ் சப்பாத்தோடு திரும்பி வந்தார். என் விரல்கள் மட்டும்தான் உள்ளே போயின. பையிலிருந்த ஈர்க்கை வாங்கிப் பார்த்தால், சைக்கிள் மிதித்த மிதியில் நுனி உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு பைக்குள்ளேயே கிடக்கிறது. மனுசன் இருந்த துண்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மாற்றப் போனபோது கடைக்காரர், இது எந்த மகனுக்கு என்று கேட்டாராம். இவருக்கு மகனுக்கென்று சொல்லவும் வாய் வரவில்லை, மனைவிக்கென்று சொல்லவும் வாய் வரவில்லை. மாற்றாமலே திரும்பி வந்துவிட்டார்.

இந்த இடத்தில் அறுகம்பேயைச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் சொந்தக்காரர்களோடு வேனில் பொத்துவிலுக்குப் போனோம். அறுகம்பேக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பட்டப்பகலில் ஓடிக்கொண்டிருந்தாள். வேனிலிருந்த பெண்களெல்லாம் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி முகத்தைத் திருப்பினார்கள். நானும் திருப்பத்தான் வேண்டும். ஆனால் என் கண் அவள் காலில் மாட்டிக்கொண்டது. தடித்த அடி, குதிகாலைச் சுற்றி மெத்தை. அப்படி ஒரு சப்பாத்து உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன்.

இவருடைய தம்பி சவூதியில் இருந்தார். அவருக்கு எழுதினோம். இந்தத் தரம் ஈர்க்கு வேண்டாம், உடையும் என்று நூலில் அளவெடுத்து முடிச்சுப் போட்டு அனுப்பினோம். நூல் இழுபடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் இழுத்துப் பிடித்து அளந்து வாங்கினார். போதாததற்கு, அதைக் கொண்டுவந்த ஆள் புதுச்சாமான் என்று சுங்கத்தில் பிடிப்பார்களே என்று தன் காலில் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறியிருக்கிறார். அதையாவது மன்னிக்கலாம். கொழும்பிலிருந்து பஸ்ஸிலும் அதோடுதான் வந்திருக்கிறார். ஊருக்கு வந்தும் கழற்றவில்லை. தொழுகைக்கு முன் கால் கழுவி ஒழுச் செய்யக் கழற்றி மாட்ட வசதியாக, பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பாக ஆக்கிக்கொண்டு, சொந்தக்காரர் வீடெல்லாம் போய் வந்த பிறகுதான் எங்களிடம் தந்தார்.

நசுங்கிய குதிகாலை நிமிர்த்தித் தைத்தேன். இரண்டு சோடி சொக்ஸ் போட்டு அளவைச் சரிக்கட்டினேன். அவ்வளவு எரிச்சலிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை மாட்டிக்கொண்டு ஓடிய முதல் விடியலில், மணல் எனக்கு விரோதி இல்லை என்று தெரிந்தது. அந்த வருடம் நான் அக்கரைப்பற்றையும் தாண்டினேன்.

குசினிச் சுவர்

அப்போதுதான் நஸீமாவின் கலியாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜவாத், கல்முனை பஸாரில் புடவைக்கடையில் வேலை. அமைதியான பிள்ளை என்றார்கள். நல்லது. ஆனால் கலியாணம் என்றால் வீடு. வீடு என்றால் எங்கள் வளவுக்குள் வடக்குப் பக்கம், என் வீட்டுக்கு அருகில் இன்னொரு வீடு.

மேசன் வந்து நூல் பிடித்தார். நான் சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் பார்த்தபடி நின்றேன். புது வீட்டின் குசினிச் சுவர் போய் வடக்கு வேலியில் முட்டியது. முன்பக்கம், தெரு வேலியோரம் ஒரு நடை மட்டும் விட்டு மண்டபம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிஞ்சியதைக் கிணறும் துவைகல்லும் அடைத்தன. அதாவது, எனக்குச் சுற்றி வர வழியில்லை. வேலியோரம் மூன்று முழம் விட்டால் போதும், இரண்டு வீட்டையும் சேர்த்துச் சுற்றலாம். விடாவிட்டால் என் ஓட்டம் அன்றோடு முடிந்தது. ரோட்டிலும் ஓட முடியாது, கடற்கரையிலும் முடியாது. எனக்கு உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடம்தான்.

உம்மாவிடம் சொன்னேன். குசினியை முன்னுக்கு எடுத்தால் மண்டபம் சிறுத்துவிடும், மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைத்தான் பார்ப்பார்கள் என்றார். நான் விடவில்லை. அப்படியென்றால் மேசனிடம் நீயே சொல்லு, ஆனால் ஓடுவதற்கென்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்றார்.

“ரெண்டு புள்ளட உம்மா விடியச்சாமத்துல ஓடுறாளெண்டு வெளிய தெரிஞ்சா, தங்கச்சிய ஆருகா எடுப்பாங்க?”

ஆகவே நான் பொய்க் காரணங்கள் தேடினேன். மழைத்தண்ணீர் ஓட வழி வேண்டும் என்றேன். மேசன் குழாய் தாட்டுகிறேன் என்றார். வேலி கட்ட ஆள் நிற்க இடம் வேண்டும் என்றேன். வேலியே தேவையில்லை, குசினிச் சுவரே மதில்தானே என்றார். வெளிச்சம் போதாது என்றேன். கூரையில் கண்ணாடி ஓடு வைக்கிறேன் என்றார். அப்படி ஒரு கெட்டிக்கார மேசனை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

காரணங்கள் எல்லாம் முடிந்தபிறகும் நான் மூன்று முழம், மூன்று முழம் என்று நின்றேன். மூத்தவள் தங்கச்சியின் காணிக்குக் கண் வைக்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன்.

வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஆமினா மச்சி இருந்தார். பல நாளாகக் கிடுகு இடுக்கால் பார்த்திருக்கிறார். விடிந்தும் விடியாத இருட்டில் நான் வீட்டைச் சுற்றிக் கிறுகுகிறேன். கையில் தஸ்பீஹ். வாய் முணுமுணுக்கிறது. வெளிச்சம் வந்தபின் பார்த்தால், வளவைச் சுற்றி மணலில் கட்டம் கட்டமாக, கட்டத்துக்குள் வளைந்த கோடு கோடாக ஏதோ எழுதியிருக்கிறது. ஊரில் இசுமு, மந்திரம் எழுதுகிறவர்கள் தகட்டில் கீறுவதும் கட்டங்கள்தானே. சவூதிச் சப்பாத்தின் அடியை அவர் எங்கே கண்டார்? காணித் தகராறையும் இதையும் சேர்த்துப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்தது. சாய்ந்தமருதுக்கும் போய்ச் சேர்ந்தது.

முற்றத்தில் நின்ற மாமி

அப்படித்தான் அந்த மாமி எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். மேசன் சாப்பிடப் போயிருந்த பகல் நேரம். இவரும் வயலில். முற்றத்தில் பெண்கள் மட்டும்.

உம்மா பதறினார். அல்லாஹ் மேல் ஆணையாக அப்படி ஒன்றும் இல்லை என்றார். மாமி அசையவில்லை. குர்ஆனை எடுத்து வரச் சொல்லுங்கள், இவள் கையை வைத்துச் சொல்லட்டும் என்றார். இல்லாவிட்டால் பேச்சு முறிந்தது என்றார். கதவுக்குப் பின்னால் நஸீமா விம்முகிற சத்தம் கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி மறைத்து என்ன, ஒளித்து என்ன? மற்றச் சப்பாத்தையும் மாட்டி நாடாவை இறுக்கினேன். சேலையை முழங்கால் வரைக்கும் சொருகினேன்.

“நல்லாப் பாருங்க மாமி” என்றேன். “இதுதான் நான் தாட்டு வச்சிரிக்கிறது.”

ஓடினேன். புது வீட்டுக்கு வெட்டிய அத்திவாரக் கிடங்குகளைத் தாண்டித் தாண்டி, வேலியோரமாக, கோழிகள் சிதற, அந்த வெயிலில் ஓடினேன். ஒரு சுற்றோடு நிற்கவில்லை. கோபம் தீரும் மட்டும் ஓடினேன். வியர்த்துக் கொட்ட மாமியின் முன்னால் வந்து நின்று, பிறஷரையும் டொக்டரையும் மூன்று முழத்தையும் இளைத்து இளைத்துச் சொன்னேன். எனக்குக் காணி வேண்டாம், மண் வேண்டாம், ஓட ஒரு வழி வேண்டும் என்றேன்.

மாமி குனிந்தார். மணலில் விழுந்த புதுக் கட்டங்களைப் பார்த்தார். என் காலைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்த்தார். கூட வந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகுதான் பாயில் உட்கார்ந்தார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து நஸீமா பேசினாள். கலியாணம் பேசிய பெண் மாமியின் முன்னால் வாய் திறப்பதில்லை.

“மண்டபம் சின்னனா இரிந்தாக் காரியமில்ல உம்மா. குசினிய முன்னுக்கு எடுக்கச் சொல்லுங்க.”

உம்மா மாமியைப் பார்த்தார். மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, எங்கட ஊட்டு மண்டபமும் சின்னதுதான் என்றார். மேசன் வந்ததும் வேலியிலிருந்து மூன்று முழம் தள்ளிப் புதிதாக நூல் பிடித்தார். ஓடுவதற்கென்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூலி மிச்சம் என்று முணுமுணுத்தார்.

ஒருவருக்கும் தோன்றாதது

வீடு எழும்பியது. காவின் எழுதி, நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து இறங்கினார். அடுத்த விடியலில் நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என் மூன்று முழப் பாதையில் முதன்முதலாக இரண்டு வீட்டையும் சேர்த்துச் சுற்றப் போனேன். கதவைத் திறந்து ஒரு கால் வைத்தேன். கிணற்றடியில் ஆண்பிள்ளைத் தொண்டை ஒன்று செருமியது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இவ்வளவு சண்டை பிடித்தேன், ஊரைக் கூட்டினேன், மேசனைக் கொன்றேன். அந்த வீட்டை எதற்காகக் கட்டுகிறோம் என்று மட்டும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை வந்து குடியிருக்கத்தானே கட்டினோம். தங்கையின் புருஷன் நிற்கிற வளவில், உள்பாவாடையும் இவருடைய சட்டையுமாக நான் எப்படி ஓடுவது? எனக்குத் தோன்றவில்லை, உம்மாவுக்குத் தோன்றவில்லை, எல்லாவற்றுக்கும் வழி சொன்ன மேசனுக்கும் தோன்றவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே எறிந்தேன். பிள்ளைகளுக்கும் அன்று அடி விழுந்தது.

விருந்து நாட்கள் முடிந்தன. ஜவாத் சுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வரத் தொடங்கினார். போனவர் தொழுகை முடிந்ததும் திரும்பவில்லை. வெயில் ஏறித்தான் வந்தார். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் என்னால் இருக்க முடியவில்லை. காதைப் படலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓடினேன். ஆள் வரவில்லை. பிறகு தினமும் ஓடினேன். அல்லாஹ் எனக்கென்று ஒரு சோம்பேறி மாப்பிள்ளையை அனுப்பியிருக்கிறான் என்று சந்தோசப்பட்டேன். தூரமும் கூடியது.

நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்து வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புது மாப்பிள்ளை விடியலில் கடற்கரையில் கவிழ்த்த தோணியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்குப் போக மனமில்லாமல் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யாரோ உம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நஸீமா ஊற்றிவைக்கிற தேத்தண்ணி தினமும் ஆறிப்போனது. ஒருநாள் கண் சிவக்க என்னிடம் வந்தாள்.

“அவருக்கு என்னப் புடிக்கல்ல போல ராத்தா.”

உம்மா சாய்ந்தமருதுக்கு ஆள் அனுப்பப் போகிறார் என்றாள். எனக்குப் பழைய எரிச்சல் எல்லாம் திரும்பி வந்தது. இந்த ஊரில் ஒரு மனிதன் கடலைப் பார்த்தாலும் கதைதானா? முதலில் உன் புருஷனிடம் கேள், பிறகு ஊரைக் கூட்டலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று பகல் ஜவாத் சாப்பிட வந்து போன கையோடு நஸீமா என் குசினிக்குள் வந்தாள். அழுதுகொண்டு வந்தாளா, சிரித்துக்கொண்டு வந்தாளா என்று சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“‘உன்ட ராத்தா ஓடுறவ எண்டு உம்மா அண்டைக்கே வந்து சொன்னா. நான் வளவுக்க நிண்டா அவ எப்பிடி ஓடுற? எவ்வளவு நேரம் ஓடுவாவெண்டு கேக்க எனக்கு வெக்கம். அதான் வெயில் ஏறு மட்டும் இரிந்திட்டு வாறன்’ எண்டார் ராத்தா.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை ஒரு சொல், ஒரே ஒரு சொல், கட்டிய மனைவியிடம் சொல்லியிருந்தால் அவள் இத்தனை நாள் அழுதிருப்பாளா? பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து நானும் அழுதுவிட்டேன். அந்த மனிதரோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மூன்று முழத்துக்காக நான் போட்ட கூச்சல் என்ன, அவர் வாயைத் திறக்காமல் எனக்கு விட்டுத்தந்த முழு வளவு என்ன? வெட்கமாக இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நஸீமாவிடம் சொல்லியனுப்பினேன். எனக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, கரைவலை கரைக்கு வருகிற நேரத்துக்கு முடித்துவிடுவேன், அவரை அப்போதே வந்து சூட்டோடு தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லு என்றேன்.

மறுநாள் அவள் பதிலோடு வந்தாள்.

“சரியாம் ராத்தா. ஆனா தூரத்தக் கூட்டினீங்கெண்டாச் சொல்லட்டாம். இன்னங் கொஞ்ச நேரம் இரிந்திட்டு வருவாராம்.”